பொம்மை வாங்குவதற்கு முன் ஓர் ஆளை நியமியுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பணியாற்றுவோர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதை மூலையில் நின்று பார்த்தவர்கள், பெற்றவர்களில் ஒருவரை விபத்திலோ தற்கொலையிலோ பறிகொடுத்தவர்கள், பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து திரும்பியவர்கள். அவர்களோடு நான் செய்யும் வேலை ப்ளே தெரபி என்கிற விளையாட்டுச் சிகிச்சை. முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் உங்களிடம் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் போக்சோ நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் சிறுவர்களுக்கென்று அறைகள் வந்திருக்கின்றன. சுவரில் யானையும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்திருக்கிறார்கள். அலமாரியில் பொம்மைகள் இருக்கின்றன. வெறும் பெஞ்சில், காக்கிச் சட்டைகளுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். இதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால், அந்த அறைக்குள் குழந்தையோடு தரையில் உட்காரப் பயிற்சி பெற்ற ஆள் யார் என்று கேட்டால், நான் போய்ப் பார்த்த பெரும்பாலான இடங்களில் பதில் இல்லை. அறைக்கு ஒதுக்கீடு உண்டு, பெயின்டுக்கு உண்டு, பொம்மைக்கு உண்டு. ஆளுக்கு இல்லை. இதை மாற்றித்தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பொம்மையைக் கொடுத்து விளையாடவிட்டால் பிள்ளை தானாகத் தேறிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நலமாக இருக்கும் குழந்தைக்கு அது பெருமளவு உண்மை. விளையாட்டை ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு உரிமையாகவே அறிவித்திருக்கிறது. பெரிய அதிர்ச்சிக்கு ஆளான குழந்தையின் விளையாட்டு வேறு மாதிரி. 1976-இல் கலிஃபோர்னியாவின் சவ்சில்லா என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்தி, ஒரு கல்குவாரியில் மண்ணுக்கடியில் புதைத்துவைத்த வண்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்கள் கடத்தல் விளையாட்டைத் திரும்பத் திரும்ப, மகிழ்ச்சியே இல்லாமல், ஒரே மாதிரி விளையாடுவதைக் கண்டார். அப்படி விளையாடியதால் அவர்களுடைய பயம் குறையவில்லை. கூட விளையாடிய மற்றப் பிள்ளைகளையும் அந்தப் பயம் தொற்றியது. அந்த வட்டத்திலிருந்து குழந்தை வெளியே வர, பக்கத்தில் ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்று தெரிந்த பெரியவர்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்து வயது. அப்பா பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். வீட்டில் "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். பால்வாடியில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான் என்று கூட்டிவந்தார்கள். என் அறையில் அவன் வாராவாரம் லாரியை எடுத்து மற்ற வண்டிகளை எல்லாம் இடித்துத் தள்ளினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். "பெரிசு வேகமா வருது. எல்லாம் விழுந்துருச்சு. யாருமே அதை நிறுத்தல." 'யாருமே நிறுத்தல' என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் லாரி வரும் வழியில் மணலைக் குவித்து மேடு கட்டத் தொடங்கினான். பிறகு ஒரு 108 வந்தது. பல வாரம் அது தாமதமாகவே வந்து சேர்ந்தது. கடைசியில் ஒரு நாள், விழுந்த பொம்மையை மணலில் புதைத்து, மேலே காகிதப் பூ வைத்து, "இவரு ஊருக்குப் போகல" என்றான். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஓர் இடமும், கேட்டுவிட்டுப் பதறாத ஒரு ஆளும்தான் அவனுக்கு அதுவரை கிடைக்கவில்லை. அதன்பிறகு அவன் அம்மாவையும் ஆச்சியையும் உட்காரவைத்துப் பேசினேன். அவர்கள் அவனிடம் உண்மையைச் சொன்னார்கள். மூன்று பேரும் சேர்ந்து அழுதார்கள். கடிப்பது சட்டென்று நிற்கவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நான் அந்த முக்கால் மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும். அந்தச் 'சும்மா'வுக்குத்தான் பயிற்சி வேண்டும். நம் ஊரில் குழந்தையைக் கண்டதும் பெரியவர் வாயில் கேள்விதான் வரும். "இது என்ன கலர்? எத்தனை கார் இருக்கு, எண்ணு பாப்போம்? பொம்மையை ஏன் அடிக்கிற, பாவம்ல?" இப்படி ஒரு கேள்வி விழுந்ததும் குழந்தை விளையாட்டை விட்டுவிட்டுப் பரீட்சை எழுதத் தொடங்கிவிடும். பாராட்டும் இப்படித்தான். "சூப்பர், அழகா வரைஞ்சிருக்க" என்று சொன்னால், அடுத்த வாரமும் நமக்குப் பிடித்த சூரியனையும் தென்னை மரத்தையும் வரைந்து கொடுத்துவிட்டுப் போகும். கறுப்பாகக் கிறுக்க வேண்டியதைக் கிறுக்காது. பொருளுக்கு நாம் பெயர் வைப்பதும் கூடாது. அது காரா, பாம்பா, தாத்தாவா என்று குழந்தைதான் சொல்ல வேண்டும். அதுவரை 'இது', 'அது'தான்.

எல்லை வைப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி. எதையும் செய்யலாம் என்று விட்டுவிடும் அறையில் குழந்தைக்குப் பயம்தான் மிஞ்சும். ஒரு பிள்ளை மரக்கட்டையை என்மேல் எறியக் கையை ஓங்கினால் நான் திட்டமாட்டேன், புத்தியும் சொல்லமாட்டேன். மூன்று விஷயங்களை வரிசையாகச் சொல்வேன். "என்மேல ரொம்பக் கோபமா இருக்க, எறியணும்னு இருக்கு. நான் எறியறதுக்கு இல்ல. அந்தத் தலையணைமேல எறியலாம்." கோபத்துக்கு இடம் உண்டு, அடிக்கு இல்லை. அதே குரலில், அதே வார்த்தைகளில், பத்துத் தடவை சொல்ல வேண்டி வந்தாலும் சொல்ல வேண்டும். எழுதியதைப் படிக்க எளிதாக இருக்கும். கட்டை கண்ணுக்கு நேரே வரும்போது செய்துபார்த்தால்தான் இதற்கு ஏன் மாதக்கணக்கில் பயிற்சியும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும் என்று புரியும்.

இந்த முறை நேற்று வந்ததில்லை. அமெரிக்க உளவியலர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வெளியிட்ட நூலில் இதற்கு எட்டு நெறிகளை வகுத்தார். குழந்தையை இருக்கிறபடி ஏற்றுக்கொள்வது, வழிநடத்தும் பொறுப்பைக் குழந்தையிடமே விடுவது, அவசரப்படுத்தாமல் இருப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். அவருக்கு முன்பே லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் மணல் தட்டும் சிறு உருவங்களும் கொடுத்துக் குழந்தைகள் கட்டும் உலகங்களைக் கவனித்திருந்தார். திட்டமிட்ட விளையாட்டுகளைச் சிகிச்சையாளரே முன்வைக்கும் முறைகளும் உண்டு. அவற்றுக்கும் பலன் இருக்கிறது. எந்த முறையானாலும், அந்த முறை தெரிந்த ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும்.

செலவுக்குப் பலன் உண்டா என்று நிதித் துறை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். 2005-இல் பிராட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும், அதுவரை நடந்த 93 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். விளையாட்டுச் சிகிச்சை பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிட நன்கு தேறியிருந்தார்கள். அந்த ஆய்வுகளில் பல சிறியவை, முறையில் குறைகள் உள்ளவை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்; அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. பலன் மிக அதிகமாகத் தெரிந்தது 35 முதல் 40 அமர்வுகள் நடந்த இடங்களில். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு பள்ளி ஆண்டு.

இங்கேதான் நம் நியமன முறை குறுக்கே நிற்கிறது. ஆலோசகர்களை 11 மாத ஒப்பந்தத்தில் எடுக்கிறோம். பாதியில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள், அல்லது வேறு வட்டாரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் பல குழந்தைகள் முன்பைவிட முரட்டுத்தனமாக மாறுவார்கள், அல்லது கைக்குழந்தைபோல் பால் புட்டி கேட்பார்கள். அடக்கிவைத்திருந்தது வெளியே வரும் கட்டம் அது. அந்த நேரத்தில் சிகிச்சையாளர் மாறிப்போனால், குழந்தை அதைத் தன் தப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒருவரை இழந்துவிட்டு வந்த குழந்தை அது. அப்படி ஒருவரைப் பாதியில் எடுத்துவிடுவதைவிட, தொடங்காமலே இருப்பது மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொள்முதல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியில் பாடும் பொம்மை, புதிர் அட்டை, ஆங்கில எழுத்துப் பலகை, பெரிய பிளாஸ்டிக் சறுக்கு. இவற்றால் எங்களுக்கு அதிகப் பயனில்லை. தானாகப் பாடி ஆடும் பொம்மையிடம் குழந்தை தன் கதையைச் சொல்ல முடியாது. செப்புச் சாமான், மரப்பாச்சி, தாத்தா ஆச்சியும் உள்ள பொம்மைக் குடும்பம், நம்மைப் போன்ற நிறத்தில் பொம்மைகள், டாக்டர் செட், ஆட்டோ, போலீஸ் ஜீப், ஆம்புலன்ஸ், பாம்பு, சிங்கம், சட்டியில் களிமண், கிழியக் கிழிய அடிக்க ஒரு தலையணை, தூளி கட்டவும் ஒளிந்துகொள்ளவும் ஒரு பழைய சேலை. அடிப்பக்கம் நீலம் பூசிய மணல் தட்டு ஒன்று. மணலை விலக்கினால் தண்ணீர் தெரிய வேண்டும். ஊர்த் திருவிழாக் கடையிலேயே முக்கால்வாசி கிடைத்துவிடும்.

இன்னொன்று. ஒரு இல்லத்தில் அலமாரி நிறையப் பொம்மைகள் உறை பிரிக்காமல் பூட்டியிருந்தன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும், தணிக்கையில் கேள்வி வரும் என்று காப்பாளர் பயந்தார். அவரைக் குறை சொல்லவில்லை; அவர் சம்பளத்திலிருந்து பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அது. இந்த அறையின் பொருட்களை உடைந்துதீரும் பொருட்களாக, ஊசி பஞ்சு போல, கணக்கில் காட்ட ஓர் ஆணை போடுங்கள். ஒரு தாள் ஆணைதான். பல அலமாரிகள் திறந்துவிடும்.

போக்சோ வழக்குகளில் இந்த அறை எதற்கு என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் குழந்தைக்கு இணக்கமான சூழலையும், நிபுணர் உதவியையும் வலியுறுத்துகிறது. அதைக் காட்டி, "விளையாட்டுக் காட்டி விஷயத்தை வாங்கித் தாங்க" என்று எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களின் நோக்கம் நல்லதுதான். குற்றவாளி தப்பக்கூடாது என்ற தவிப்பு. ஆனால் வாக்குமூலம் வாங்குவது தனி வேலை. அதற்கென்று பயிற்சியும் நடைமுறையும் உண்டு. சிகிச்சை அறையில் பொம்மையை வைத்துக் கேள்வி கேட்டால் குழந்தைக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. சொல்லிக்கொடுத்துச் சொல்லவைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட அதுவே வழியாகிவிடும். ஒரு குழந்தை தானாகவே தொல்லையைப் பற்றிச் சொன்னால் நாங்கள் தெரிவித்தே ஆக வேண்டும்; 19-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. அதனால் முதல் நாளே குழந்தையிடம் சொல்லிவிடுவோம்: "இங்க விளையாடறது நமக்குள்ளதான். உன்னை யாராவது நோக வைக்கிறாங்கன்னா மட்டும், உன்னைக் காப்பாத்தறவங்ககிட்ட நான் சொல்லுவேன்." இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு ஆட்களிடம் கொடுங்கள். விசாரிப்பவரும் சிகிச்சை தருபவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்று எழுத்தில் வையுங்கள்.

அதேபோல் அந்த அறையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துகாட்டாதீர்கள். திறப்பு விழா அன்று வாருங்கள், ரிப்பன் வெட்டுங்கள். குழந்தைகள் உள்ளே வரத் தொடங்கிய பிறகு புகைப்படம் வேண்டாம், குழந்தை கட்டிய மணல் வீட்டைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் போட வேண்டாம். பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைத்துவிடாதே என்று சிறுமியர் கெஞ்சுவார்கள். எங்கள் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்படிக் கெஞ்சக்கூடத் துணிவிருக்காது. பேசாமல் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஆள்தான் முக்கியம் என்பதற்கு நம் மொழி பேசும் கரைகளிலேயே சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழுவினர் நாகப்பட்டினம் பகுதியில் உள்ளூர் ஆட்களையே மனநல ஆதரவுப் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். வெளியூர் நிபுணர்கள் திரும்பிவிடுவார்கள், அந்த மண்ணின் ஆட்கள் இருப்பார்கள் என்ற கணக்கு அது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996-இல், மட்டக்களப்பில் யேசு சபைத் துறவியும் உளவியல் ஆலோசகருமான பால் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் பால் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து, களிமண்ணும் கதையும் நாடகமுமாக விளையாடினார்கள். அவர்களோடு இருந்து விளையாடுவதற்கென்றே உள்ளூர் இளைஞர்களைத் தயார்படுத்தினார்கள். இவை முழுமையான பொருளில் விளையாட்டுச் சிகிச்சை ஆகாது. சமூக அளவிலான ஆதரவு. அங்கும் முதல் முதலீடு ஆள்மேல்தான்.

அந்த ஆளை எங்கே தேடுவது என்பது அடுத்த கேள்வி. இன்று ப்ளே தெரபிஸ்ட் என்று பலகை மாட்ட யாரும் யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை. இரண்டு நாள் இணைய வகுப்பின் சான்றிதழை மாட்டிக்கொண்டு, ஆட்டிசத்தை மூன்று மாதத்தில் சரிசெய்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. ஆட்டிசத்துக்கு அப்படிப்பட்ட தீர்வு எதுவும் கிடையாது. பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சி வேண்டிய பிள்ளையை எங்களிடம் வைத்துக்கொண்டு காலம் கடத்துவது பெருந்தவறு. மருத்துவ உளவியலர்களுக்கு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருப்பதுபோல, இந்தப் பணிக்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்றை அரசு தன் நியமனங்களுக்காவது எழுதிவைக்கலாம்: உளவியல் அல்லது சமூகப்பணிப் பட்டம், குழந்தையோடு நேரடி அமர்வுகள் அடங்கிய பயிற்சி, தொடர்ந்த மேற்பார்வை. அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1982-லிருந்து இயங்குகிறது. ஏறத்தாழ இதே மூன்றைத்தான் அதுவும் கேட்கிறது.

புதிதாக எல்லாவற்றையும் கட்ட வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வழிகாட்டுதலில், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு ஓர் உளவியலர் பணியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பணியிடங்களை நிரப்பி, அவர்களுக்கு முறையான பயிற்சியும் மாதம் ஒருமுறை மேற்பார்வையும் கொடுத்தாலே பாதி தூரம் வந்துவிடுவோம். அவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களையாவது அமர்வுகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்; அந்த நாட்களில் முகாம் பணி, கூட்டம், அறிக்கை எதற்கும் அழைக்கக்கூடாது. மாதம் எத்தனை புதுக் குழந்தைகளைப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கும் படிவத்தில், எத்தனை குழந்தைகள் இடையில் விடாமல் தொடர்ந்து வந்தார்கள் என்ற கட்டத்தையும் சேருங்கள். தொலைவிலிருந்து வரும் அம்மாவுக்குப் பேருந்துக் கட்டணமும், போனால் அரைநாள் கூலியும் போய்விடுகின்றன. குழந்தைகள் வராமல் நின்றுபோகும் காரணங்களில் நான் அதிகம் கேட்பது அதைத்தான்.

அங்கன்வாடிப் பணியாளர்களைச் சிகிச்சையாளர்கள் ஆக்கச் சொல்லமாட்டேன். அவர்கள் தலையில் ஏற்கெனவே போதுமான பாரம் இருக்கிறது. ஆனால் பெற்றோர்களைப் பயிற்றுவிக்கலாம். 1960-களில் பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதியர், பெற்றோருக்கே இந்த அடிப்படைத் திறன்களைக் கற்றுக்கொடுத்து, வாரத்தில் அரைமணி நேரம் தங்கள் குழந்தையோடு அப்படி விளையாடவைத்தார்கள். நான் மேலே சொன்ன 2005 தொகுப்பில், பெற்றோர் பயிற்சி பெற்றுச் செய்த அமர்வுகளின் பலன் நிபுணர்கள் செய்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. அம்மாக்கள் குழுவாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வீட்டில் இன்னும் அடி விழுந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே ஆண்டில் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. ஓரிரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விளையாட்டு அறைக்கான முன்மொழிவு உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் பணியிடம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை மாதம், மேற்பார்வைக்கு யார் என்ற மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்பி, அவற்றைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பயிற்சித் திட்டம் வரையவும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மேற்பார்வை தரவும், என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்கள் மாநிலத்தில் பலர் இருக்கிறோம். அழைத்தால் வருவோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் உளவியல் ஆலோசகர் ஒருவர்